ஐம்பது லட்சமாவது காப்புரிமையும் ஒரு டன் கரும்புச் சக்கையும்: லோனி இங்ரமின் ஆய்வுப் பாதை, ஒரு நிகழ்வு ஆய்வு

1991 மார்ச் 19 அன்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 50,00,000 என்ற எண்ணுள்ள காப்புரிமையை வழங்கியது. எண்ணின் சிறப்பால் அது செய்தியானது. உள்ளே இருந்ததோ ஒரு பாக்டீரியா. புளோரிடா பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் லோனி இங்ரம், டைரல் கான்வே, ஃபிளாவியோ அல்டெர்தம் ஆகிய மூவரும், சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் இரண்டு மரபணுக்களை ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்குள் வைத்து, அது தின்னும் சர்க்கரை முழுவதையும் எத்தனாலாக மாற்ற வைத்திருந்தார்கள். வைக்கோல், சக்கை, மரத்தூள் எல்லாம் இனி எரிபொருள் ஆகிவிடும் என்று அப்போது பலரும் நம்பினார்கள்.

அந்த நுண்ணுயிரை மையமாக வைத்துத் திட்டமிட்ட பெரிய வணிக ஆலை 2012-இல் கைவிடப்பட்டது. இடைப்பட்ட 21 ஆண்டுகளில் இங்ரமின் குழு என்ன செய்தது, எந்தத் தடையை எப்படித் தாண்டியது, எது கடைசிவரை தாண்டப்படாமல் நின்றது என்பதே இந்த ஆய்வின் பொருள். தாவரக் கழிவிலிருந்து எரிபொருள் எடுக்கும் துறைக்குள் வரும் உயிரிப் பொறியியல் மாணவர் படிக்க இதைவிடத் தெளிவான பாதை எங்களுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தடைக்கும் இந்தக் குழு கேட்ட கேள்வி ஏறத்தாழ ஒன்றேதான்: இந்த வேலையை நுண்ணுயிரின் தலையில் ஏற்றி, ஆலையிலிருந்து ஒரு கலனை எடுத்துவிட முடியுமா?

முதலில் கணக்கு

ஈரம் நீக்கிய ஒரு டன் கரும்புச் சக்கையில் ஏறத்தாழ 400 கிலோ செல்லுலோஸ், 240 கிலோ ஹெமிசெல்லுலோஸ் இருக்கும். மீதியில் பெரும்பகுதி லிக்னின், சிறிது சாம்பல். செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும் சர்க்கரைகள் கோத்த நீண்ட சங்கிலிகள்; இவற்றை நீர் சேர்த்து உடைக்கும்போது எடை கூடும். 400 கிலோ செல்லுலோஸ் 444 கிலோ குளுக்கோஸ் தரும். 240 கிலோ ஹெமிசெல்லுலோஸை முழுக்க சைலானாக, அதாவது சைலோஸ் என்ற சர்க்கரையின் சங்கிலியாக, கொண்டால் 273 கிலோ சைலோஸ் தரும். ஒரு கிராம் சர்க்கரையிலிருந்து அதிகபட்சம் 0.511 கிராம் எத்தனால். ஆக குளுக்கோஸிலிருந்து 227 கிலோ, சைலோஸிலிருந்து 139 கிலோ. லிட்டரில் சொன்னால் 288-உம் 177-உம், மொத்தம் 465 லிட்டர்.

இதில் அந்த 177 லிட்டரைக் கவனியுங்கள். மொலாசஸ் வடிசாலைகளில் நாம் பயன்படுத்தும் சாதாரண ஈஸ்ட் சைலோஸைத் தொடாது. ஈஸ்டை மட்டும் நம்பினால் ஒரு டன்னுக்கு 177 லிட்டர் கழிவுநீரோடு போகும். சக்கையை வாங்கி, நீராவி செலவழித்து, அமிலம் ஊற்றி, நொதி வாங்கிய பிறகு கிடைக்கக்கூடிய சரக்கில் 38 சதவீதத்தைக் கொட்டிவிடும் ஆலை பிழைக்காது. இங்ரமின் வேலை தொடங்கிய இடம் இதுதான்.

ஏன் ஈ.கோலை?

இங்ரம் நேராக எரிபொருளுக்கு வந்தவர் அல்லர். 1970-களில் அவர் ஆராய்ந்தது, ஆல்கஹால் பட்டால் ஈ.கோலையின் செல்சவ்வு என்ன ஆகிறது என்பதை. எத்தனால் உள்ள ஊடகத்தில் வளரும் செல்கள் தம் சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களின் பங்கைக் கூட்டிக்கொள்கின்றன என்று 1976-இல் வெளியிட்டார். எத்தனால் ஒரு செல்லை எப்படிக் கொல்கிறது என்று பத்தாண்டு படித்தவர்தான், பிறகு எத்தனால் செய்யும் செல்லைக் கட்ட உட்கார்ந்தார். பின்னாளில் பலர் மரபணுவை மட்டும் பிடித்துக்கொண்டு தடுமாறிய இடத்தில் இவர் தடுமாறாததற்கு இந்த உடலியல் அடித்தளமே காரணம் என்பது எங்கள் கணிப்பு.

ஈ.கோலை குளுக்கோஸ், சைலோஸ், அரபினோஸ், காலக்டோஸ், மானோஸ் என்று தாவரத்தின் எல்லாச் சர்க்கரைகளையும் தின்னும். ஆனால் காற்றில்லாத நிலையில் அது தருவது ஒரு கலவை: ஃபார்மிக், அசிடிக், லாக்டிக், சக்சினிக் அமிலங்கள், கொஞ்சம் எத்தனால். இதற்குக் காரணம் வரவு செலவுக் கணக்கு. சர்க்கரை பைருவேட் என்ற இடைப்பொருள் ஆகும்போது ஒரு பைருவேட்டுக்கு ஒரு என்ஏடிஹெச் (செல்லுக்குள் எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறு) வரவு. ஈ.கோலையின் சொந்த எத்தனால் பாதை ஒரு எத்தனாலுக்கு இரண்டு என்ஏடிஹெச் செலவழிக்கும். வரவைவிடச் செலவு இரு மடங்கு என்பதால், பாதிப் பைருவேட்டை அசிடேட்டாக விட்டால்தான் கணக்கு நேராகும்.

சைமோமோனாஸின் பாதை வேறு. பைருவேட் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி பைருவேட்டிலிருந்து கரியமில வாயுவைக் கழற்றி அசிட்டால்டிஹைடு ஆக்கும். அதற்கு என்ஏடிஹெச் வேண்டாம். அடுத்து ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் ஒரே ஒரு என்ஏடிஹெச்சைக் கொண்டு அதை எத்தனால் ஆக்கும். வரவு ஒன்று, செலவு ஒன்று.

பாதையைப் புகுத்தினால் மட்டும் போதுமா? ஏற்கெனவே இருக்கும் நொதிகளோடு அது போட்டியிட வேண்டுமே! அங்கேதான் இயற்கை கைகொடுத்தது. பைருவேட்டைப் பிடிக்கும் ஆற்றலைக் காட்டும் அளவு (குறைவாக இருந்தால் பிடி வலுவானது) சைமோமோனாஸ் நொதிக்கு 0.4 மில்லிமோலார், ஈ.கோலையின் ஃபார்மேட் பாதை நொதிக்கு 2. லாக்டேட் நொதிக்கு 7.2. ஆகவே புதிய நொதி போதுமான அளவு உண்டானால், பழைய பாதைகளை வெட்டாமலேயே பைருவேட் முழுவதும் எத்தனால் பக்கம் இழுபடும். 1987-இல் வெளியான முதல் கட்டுரையில் காட்டப்பட்டது இதுதான்.

பிளாஸ்மிட்டிலிருந்து குரோமோசோமுக்கு

முதல் வகைகளில் இரு மரபணுக்களும் பிளாஸ்மிட்டில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ. வளையத்தில், இருந்தன. ஆய்வகக் குடுவையில் இது நன்றாக ஓடும். ஆண்டிபயாடிக் இல்லாத பெரிய தொட்டியில், பிளாஸ்மிட்டைத் தொலைத்த செல்கள் சுமை குறைந்து வேகமாக வளர்ந்து மற்றவற்றை மூடிவிடும். எந்த எரிபொருள் ஆலையும் லட்சக்கணக்கான லிட்டருக்கு ஆண்டிபயாடிக் ஊற்ற முடியாது.

1991-இல் வந்த கே.ஓ.11 வகை இதற்கான விடை. இந்த ஆய்வின் நெடுங்காலக் கூட்டாளி கே.டி.சண்முகமும் அந்தக் கட்டுரையில் உண்டு. எத்தனால் மரபணுக்களையும் குளோராம்ஃபெனிக்கால் என்ற ஆண்டிபயாடிக்குக்கான எதிர்ப்பு மரபணுவையும் சேர்த்து, ஃபார்மேட் பாதை மரபணு இருந்த இடத்தில் குரோமோசோமுக்குள் செருகினார்கள். ஒரே பிரதி போதவில்லை; நொதி குறைவாகவே உண்டாயிற்று. மருந்தின் அளவை ஒரே தாவலில் மில்லிலிட்டருக்கு 600 மைக்ரோகிராம் வரை உயர்த்தி, அதில் பிழைத்த செல்களைப் பொறுக்கினார்கள். மருந்து எதிர்ப்பு மிகுந்த செல்லில் அதே துண்டில் இருக்கும் எத்தனால் மரபணுக்களின் வெளிப்பாடும் மிகுந்திருக்க வேண்டும் என்பது கணிப்பு. கணிப்பு பலித்தது. பிறகு சக்சினேட் பாதையை நீக்கினார்கள்.

விளைவு: 10% குளுக்கோஸிலிருந்து லிட்டருக்கு 54.4 கிராம் எத்தனால், 8% சைலோஸிலிருந்து 41.6 கிராம். கணக்குப் போடுபவருக்கு இங்கே புருவம் உயர வேண்டும். 100 கிராம் குளுக்கோஸிலிருந்து 51.1 கிராமுக்கு மேல் வர முடியாதே! மீதி வந்தது ஊடகத்திலிருந்து. லூரியா பிராத் என்ற அந்த ஊடகத்தில் லிட்டருக்கு 10 கிராம் டிரிப்டோனும் 5 கிராம் ஈஸ்ட் சாறும் உண்டு. அவற்றில் நொதிக்கக்கூடிய பொருளும் கொஞ்சம் உண்டு. விளைச்சல் 100 சதவீதத்தைத் தாண்டியதாக எந்த அறிக்கையைப் பார்த்தாலும் முதலில் ஊடகத்தைப் பாருங்கள்.

கே.ஓ.11-இன் மெய்யான உள்ளமைப்பு தெரிய இன்னும் 21 ஆண்டு ஆயிற்று. 2012-இல் இதே குழு அதன் மரபுத் தொகுதியை முழுக்கப் படித்தபோது, எத்தனால் மரபணுத் துண்டு ஏறத்தாழ 20 பிரதிகளாக அடுத்தடுத்து வரிசைகட்டி நிற்பதைக் கண்டார்கள். 600 மைக்ரோகிராம் மருந்தில் பிழைத்ததன் ரகசியம் அதுதான். ஒரே மாதிரித் துண்டுகள் அடுத்தடுத்து இருந்தால் செல் பிரியும்போது அவை தமக்குள் இணைந்து உதிரவும் வழியுண்டு. மருந்து இல்லாமல் நீண்ட நாள் தொடர் ஓட்டத்தில் வைத்தால் கே.ஓ.11 எத்தனால் திறனை இழக்கிறது என்று வேறு ஆய்வகங்கள் 1990-களிலேயே எழுதியிருந்தன; காரணம் இப்போது கண்ணுக்குத் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. ஈ.கோலை 'பி' வழிவந்தது என்று இருபதாண்டாக உலகமெங்கும் குறிக்கப்பட்டுவந்த அந்த வகை, உண்மையில் 'டபிள்யூ' வழிவந்தது. உறைபனிப் பெட்டியில் இருக்கும் குப்பியின் மேலொட்டை நம்பாமல், ஒரு வகையைப் பெற்ற அன்றே அதன் மரபணு அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

எத்தனாலைத் தாங்குதல்

மொலாசஸ் ஈஸ்ட் 8–10% ஆல்கஹால் வரை எளிதில் போகும். கே.ஓ.11 அவ்வளவு தாங்காது. படிப்படியாக எத்தனாலைக் கூட்டி வளர்த்தால் தாங்குதிறன் கூடும் என்பது யாரும் சொல்வது. அதில் ஒரு பொறி இருக்கிறது: எத்தனாலில் வளர மட்டும் பொறுக்கினால், எத்தனால் செய்வதையே நிறுத்திவிட்ட செல் வெல்லும். அதற்கு வெளியிலிருந்து வரும் எத்தனாலோடு நின்றது, சொந்தச் சுமை இல்லை.

எனவே பொறுக்குவதை இரண்டு மேடையில் மாற்றி மாற்றிச் செய்தார்கள். திரவத்தில் எத்தனாலோடு வளர்ப்பது. அடுத்து சர்க்கரை மிகுந்த தட்டில் தனித்தனிக் காலனியாகப் பரப்புவது. தட்டில் அமிலம் செய்யும் செல்கள் தம் அமிலத்தாலேயே சுருண்டு சிறிய காலனியாக நிற்கும்; எத்தனால் செய்பவை பெரிதாக, மேடாக எழும். அந்தப் பெரியவற்றை மட்டும் எடுத்து மீண்டும் திரவத்துக்கு. 1998-இல் அறிவித்த எல்.ஒய்.01 வகை இப்படிக் கிடைத்தது: சைலோஸிலிருந்து 72 மணி நேரத்தில் லிட்டருக்கு 60 கிராமுக்கு மேல் எத்தனால். இன்று தானியங்கிக் கருவிகளோடு தகவமைப்புப் பரிணாமம் செய்பவர்கள்கூட இந்த மாற்றி மாற்றிப் பொறுக்கும் தந்திரத்தை விட்டுவிட்டு, வளர்ச்சி மட்டும் நல்ல, விளைச்சல் இல்லாத வகையோடு நிற்பதுண்டு.

ஊடகத்தின் விலை

எத்தனால் மலிவான சரக்கு. டிரிப்டோன் ஆய்வக விலை. ஆகவே அடுத்து எடுத்தெறிய வேண்டியது சத்து ஊடகம். வெறும் உப்புகள் மட்டும் கொண்ட ஊடகத்தில் கே.ஓ.11 மந்தமானது. குழு ஒரு சுற்றுப் பாதையை எடுத்தது. கே.ஓ.11-இலிருந்து முன்பு லாக்டிக் அமிலத்துக்காக மாற்றிய ஒரு வகையை எடுத்து, என்ஏடிஹெச் செலவாகும் எல்லா நொதித்தல் வழிகளையும் அடைத்தார்கள். எத்தனால் மரபணுக்கள் கொண்ட, தனக்கென்று தூண்டுபகுதி (மரபணுவைப் படிக்கத் தொடங்கவைக்கும் டி.என்.ஏ. பகுதி) இல்லாத துண்டைக் குரோமோசோமில் கண்டபடி பாய்ச்சினார்கள். பிறகு உப்பு ஊடகத்தில், சைலோஸ் மட்டும் கொடுத்து, காற்றில்லாமல் வளரவிட்டார்கள். எத்தனால் செய்தால்தான் என்ஏடிஹெச் கணக்கு நேராகும். கணக்கு நேரானால்தான் உயிர். துண்டு சரியான வேகத்தில் படிக்கப்படும் இடத்தில் விழுந்த செல் தானே முன்னுக்கு வந்தது. ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணு ஒன்றின் தூண்டுபகுதிக்குப் பின்னால் அது விழுந்திருந்தது. எந்தப் பொறியாளரும் வரைபடத்தில் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்!

2008-இல் வெளியான எல்.ஒய்.160 வகை 9% சைலோஸை உப்பு ஊடகத்தில் 48 மணி நேரத்தில் 4% எத்தனாலாக மாற்றியது. சத்து ஊடகத்தில் கே.ஓ.11 காட்டிய செயல்பாட்டுக்கு இது ஏறத்தாழ சமம். இதன் வழிவந்த எல்.ஒய்.180-தான் பின்னர் நடந்த நச்சு ஆய்வுகளுக்கு அடித்தளம்.

ஃபுர்ஃபுரல்: பதினைந்தாண்டுத் தலைவலி

சுத்தமான சைலோஸில் ஓடுவது ஒன்று, சக்கைச் சாற்றில் ஓடுவது வேறொன்று. ஹெமிசெல்லுலோஸை உடைக்க நீர்த்த அமிலமும் சூடும் வேண்டும். சூடு கூடினால் சைலோஸின் ஒரு பகுதி ஃபுர்ஃபுரல் ஆகிவிடும். நட்டம் இரண்டு: சர்க்கரை போயிற்று, போன சர்க்கரை விஷமாகத் திரும்பி வந்தது. லிட்டருக்கு 1 கிராம் ஃபுர்ஃபுரல் இருந்தாலே எல்.ஒய்.180 வளராமல் நின்றுவிடும். சூட்டைக் குறைத்தால் நார் திறக்காது, நொதி உள்ளே போகாது.

பழைய வழி சுண்ணாம்பு. சாற்றின் பிஎச்சை 9–10 வரை ஏற்றி, சூட்டில் வைத்து, மீண்டும் 6.5-க்கு இறக்கினால் ஃபுர்ஃபுரலும் ஃபீனால்களும் குறையும். இந்தக் குழுவே அதைச் செம்மைப்படுத்தியது. சாறு ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி வராததால், சுண்ணாம்பை நிலையான எடையாகப் போடாமல் அன்றன்றைய சாற்றை அளந்து போடும் முறையை வகுத்தார்கள். கூடுதலாகப் போட்டால் சர்க்கரையும் அழியும்; குறைந்தால் நஞ்சு நிற்கும். எவ்வளவு செம்மைப்படுத்தினாலும், திடப்பொருளையும் சாற்றையும் பிரிக்க ஒரு வடிப்பான், சுண்ணாம்புக் கலன், கந்தக அமிலம் பயன்படுத்தினால் மலையாகச் சேரும் ஜிப்சம் சேறு எல்லாம் ஆலையில் உட்கார்ந்திருக்கும்.

எனவே அந்தப் பழைய கேள்வியே மறுபடி: நுண்ணுயிரே தாங்கினால் என்ன? ஃபுர்ஃபுரலைக் கூட்டிக் கூட்டி மறுவளர்ப்புச் செய்து இ.எம்.எஃப்.ஆர்.9 என்ற எதிர்ப்பு வகையை எடுத்தார்கள். எது மாறியது என்று பார்த்தபோது கிடைத்தது எதிர்பாராதது. எதிர்ப்பு வகையில் ஃபுர்ஃபுரலை மாற்றும் ஒய்.க்யூ.எச்.டி., டி.கே.ஜி.ஏ. என்ற இரு நொதிகளின் மரபணுக்கள் அடங்கிப்போயிருந்தன. நஞ்சை அகற்றும் நொதியை அடக்கினால் செல் பிழைக்கிறதா?

2009-இல் வெளியான விளக்கம் இதுதான். ஃபுர்ஃபுரலை ஆல்கஹாலாக மாற்ற அந்த நொதிகள் என்ஏடிபிஹெச்சை (என்ஏடிஹெச்சைப் போன்ற, ஆனால் செல்லின் கட்டுமான வேலைகளுக்குச் செலவாகும் மூலக்கூறு) செலவிடுகின்றன. காற்றில்லாமல் சைலோஸில் வளரும் செல்லிடம் என்ஏடிபிஹெச் இருப்பே சொற்பம். சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக்கி அமினோ அமிலத்தில் சேர்க்க, ஒரு மூலக்கூறுக்கு நான்கு என்ஏடிபிஹெச் வேண்டும். ஃபுர்ஃபுரல் அதைத் தின்றுவிட்டால் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களான சிஸ்டீனும் மெத்தியோனினும் இல்லாமல் வளர்ச்சி நிற்கும். சோதனை எளிது: சிஸ்டீன் கொடுத்தால் வளர்ச்சி திரும்பியது; குறைவாக ஒடுக்க வேண்டிய தயோசல்ஃபேட் கொடுத்தாலும் திரும்பியது. செல் ஃபுர்ஃபுரலால் நேரடியாகச் சாகவில்லை. கந்தகப் பட்டினியால் முடங்கியது.

காரணம் தெரிந்ததும் தீர்வுகள் மலிவாகின. ஒய்.க்யூ.எச்.டி.-யை நீக்கினார்கள். ஃபுர்ஃபுரலை அகற்றும் வேலையை, காற்றில்லா நொதித்தலில் தாராளமாகக் கிடைக்கும் என்ஏடிஹெச்சைக் கொண்டு செய்யும் ஃப்யூக்-ஓ என்ற ஈ.கோலையின் சொந்த நொதிக்கு மாற்றினார்கள். ஆலைத் தளத்தில் இன்னும் எளிய ஒன்று: விதை (நொதித்தலைத் தொடங்க ஊற்றும் நுண்ணுயிர் வளர்ப்பு) போடுவதற்குச் சற்று முன் 1 மில்லிமோலார் சோடியம் மெட்டாபைசல்ஃபைட். சர்க்கரை ஆலைகளுக்கும் உணவுத் தொழிலுக்கும் பழகிய மலிவான உப்புதான். உடலியலைப் புரிந்துகொண்டதற்குக் கிடைத்த கூலியாக இந்த ஒரு மில்லிமோலை நாங்கள் பார்க்கிறோம்.

அசிட்டிக் அமிலம் வேறொரு தொல்லை. ஹெமிசெல்லுலோஸிலிருந்து தானாகவே கழன்று வரும்; தவிர்க்க முடியாது. அயனியாகாத வடிவம்தான் செல்லுக்குள் ஊடுருவும். பிஎச் 5-இல் அதன் பங்கு ஏறத்தாழ 36%, பிஎச் 6.5-இல் 2 சதவீதத்துக்கும் குறைவு. நடுநிலை பிஎச்சில் ஓடும் ஈ.கோலைக்கு இது இயல்பாகவே சாதகம். அதே நடுநிலை பிஎச் லாக்டிக் பாக்டீரியா போன்ற களைகளுக்கும் சாதகம் என்பதைச் சொல்லியாக வேண்டும். அமிலத்தில் ஓடும் ஈஸ்ட் தொட்டிக்கு இருக்கும் பாதுகாப்பு இங்கே இல்லை.

ஒரே கலன்

இத்தனை வேலையும் வந்து சேர்ந்த இடம், 2010-களின் தொடக்கத்தில் இந்தக் குழு வெளியிட்ட எளிமையாக்கப்பட்ட முறை. நடைமுறை இப்படி:

சக்கையை நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தில் (1 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு) ஊறவைத்து, திருகு அழுத்தியால் ஏறத்தாழ பாதி ஈரம் வரை பிழிவார்கள். அதிக ஈரத்தோடு விட்டால் நீராவி தண்ணீரைச் சூடாக்குவதிலேயே போகும், சாறும் நீர்த்துவிடும். மட்டுமீறிப் பிழிந்தால் நார் கெட்டியாகி, உள்ளே அமிலமும் சூடும் சீராகப் பரவாது. இயந்திர அறுவடையில் வரும் மண் இன்னொரு எதிரி. அதன் காரத்தன்மை அமிலத்தைத் தின்னும், மணல் திருகைத் தேய்க்கும். சக்கையைக் கழுவாத ஆலையில் அமிலக் கணக்கு தினமும் தவறும்.

அடுத்து சுமார் 190 டிகிரி செல்சியஸ் நீராவியில் சில நிமிடங்கள், பிறகு சட்டென்று அழுத்தம் விடுவிப்பு. இங்கே கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலம் ஏன்? விலை கூடுதல்தான். ஆனால் அரிப்பு குறைவு. விலையுயர்ந்த உலோகக் கலவைகளுக்குப் பதில் துருவேறா எஃகே போதும். அமிலம் மென்மையானது என்பதால் ஃபுர்ஃபுரலும் குறையும். அம்மோனியாவால் நடுநிலைப்படுத்தினால் உண்டாவது அம்மோனியம் பாஸ்பேட்: நுண்ணுயிருக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும், கழிவில் மிஞ்சுவது வயலுக்கு உரம்.

வெளிவரும் சேற்றைச் சாறு, நார் என்று பிரிப்பதில்லை, கழுவுவதில்லை, சுண்ணாம்பு இல்லை. பிஎச் 5-க்குக் கொண்டுவந்து, செல்லுலோஸை உடைக்கும் செல்லுலேஸ் நொதி சேர்த்து, 50 டிகிரிக்கு அருகில் 6 மணி நேரம் கலக்குவார்கள். நொதியை முழுமையாக வேலை வாங்குவது இந்த 6 மணி நேரத்தின் நோக்கம் அல்ல. ஈர வைக்கோல் குவியலைப் போல அசைய மறுக்கும் சக்கையை, பம்ப் இழுக்கக்கூடிய கூழாக்குவதே நோக்கம். மக்காச்சோள எத்தனால் ஆலைகளின் கூழாக்கும் படியிலிருந்து வந்த யோசனை. இதைத் தவிர்த்தால் கலக்கியின் தண்டைச் சுற்றி மட்டும் குழி விழும். ஓரத்தில் நிற்கும் பொருள் அமிலம் நீங்காமல், நொதி படாமல் அப்படியே இருக்கும்.

பிறகு 37 டிகிரிக்குக் குளிர்வித்து, பிஎச்சை 6.5-க்கு அருகில் ஏற்றி, விதை போடுவார்கள். நொதிக்கு இது உகந்த சூடு அல்ல, வேகம் குறையும். ஆனால் விடுபடும் குளுக்கோஸை நுண்ணுயிர் உடனே தின்றுவிடுவதால், சர்க்கரை தேங்கி நொதியை அடக்கும் சிக்கல் இல்லை. நாரின் குளுக்கோஸும் சாற்றின் சைலோஸும் ஒரே கலனில் 72 மணி நேரத்தில் முடியும்.

விதை வளர்ப்பிலும் ஒரு நுணுக்கம். சுத்த சர்க்கரையில் வளர்ந்த விதையைச் சக்கைச் சேற்றில் போட்டால் அதிர்ச்சியில் மணிக்கணக்கில் உறங்கும். அதனால் விதைக்கே சக்கைச் சாற்றை 5% அளவில், வேறு சர்க்கரையோ சத்தோ இல்லாமல் கொடுத்து, கட்டம் கட்டமாக 36 லட்சம் மடங்கு பெருக்கினார்கள். நஞ்சோடு பழகிய செல்தான் தொட்டிக்குப் போகும்.

இந்த முறையில் அவர்கள் அறிவித்த விளைச்சல் ஒரு அமெரிக்க டன்னுக்கு 80 கேலனுக்கு மேல். நம் அளவில் மெட்ரிக் டன்னுக்கு ஏறத்தாழ 334 லிட்டர். மேலே போட்ட 465 லிட்டர் கணக்கில் 72%. நொதி, நார், நஞ்சு எல்லாம் கலந்த அழுக்குச் சேற்றிலிருந்து, உப்பைத் தவிர சத்து ஏதும் வாங்காமல், இது மிகச் சிறந்த எண்.

ஆனால் தொட்டியில் எத்தனால் லிட்டருக்கு 24 முதல் 32 கிராம்தான், ஏனெனில் உலர்பொருள் 10% மட்டுமே. 26 கிராம் என்று வைத்தால், ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 30 லிட்டர் கூழை வடிக்க வேண்டும். மொலாசஸ் வாஷில் (நொதித்து முடிந்த கரைசலில்) 10–12 லிட்டர் போதும். லிட்டருக்கு 40 கிராமுக்குக் கீழே போகப்போக நீராவிச் செலவு செங்குத்தாக ஏறும். உலர்பொருளை 20 சதவீதமாக்கினால் எத்தனாலும் இரட்டிக்கும். கூடவே ஃபுர்ஃபுரலும் அசிடேட்டும் இரட்டிக்கும், கலக்கும் மின்சாரம் அதற்கும் மேல் ஏறும். நுண்ணுயிரை மாற்றி மாற்றி ஒவ்வொரு கலனாகக் குறைத்த பாதை, கடைசியில் தண்ணீரிடம் வந்து நின்றது.

ஆலைகள்

தொழிற்களத்தில் இந்தக் காப்புரிமையின் உரிமம் கைமாறிக்கொண்டே இருந்தது. உரிமம் பெற்ற பி.சி.இன்டர்நேஷனல், லூசியானாவின் ஜென்னிங்ஸ் ஊரில் ஆலை அமைக்கத் திட்டமிட்டது. பின்னர் செலுனால் என்று பெயர் மாறியது. 2007-இல் டைவர்சா நிறுவனத்தோடு இணைந்து வெரெனியம் ஆயிற்று. ஜென்னிங்ஸில் ஆண்டுக்கு 14 லட்சம் கேலன் அளவில் ஒரு செயல்விளக்க ஆலை எழுந்தது. இதற்கிடையில் ஜப்பானில் ஒசாகாவுக்கு அருகே சகாயில், இடிபாட்டு மரக்கழிவிலிருந்து ஆண்டுக்கு 14 லட்சம் லிட்டர் எடுக்கும் ஆலை 2007-இல் இதே நுண்ணுயிரோடு ஓடத் தொடங்கியது. 2010-இல் பி.பி. நிறுவனம் வெரெனியத்தின் செல்லுலோஸ் எரிபொருள் பிரிவை 9.83 கோடி டாலருக்கு வாங்கியது. புளோரிடாவின் ஹைலண்ட்ஸ் கவுண்டியில் ஆண்டுக்கு 3.6 கோடி கேலன் திட்டம். அதற்கென 20,000 ஏக்கர் புல்வகைப் பயிர். 2012 அக்டோபரில் பி.பி. அதைக் கைவிட்டது.

அந்த அளவை நம் கணக்கில் வைத்துப் பாருங்கள். 3.6 கோடி கேலன் என்பது 13.6 கோடி லிட்டர். டன்னுக்கு 334 லிட்டர் வந்தால் ஆண்டுக்கு 4 லட்சம் டன் உலர்பொருள், நாளுக்கு 1,100 டன்னுக்கு மேல். பாதி ஈரத்தோடு வந்தால் அதன் இரு மடங்கு எடை. அத்தனையையும் வெட்டி, ஏற்றி, மழையில் அழுகாமல் ஆண்டு முழுவதும் வைத்திருக்க வேண்டும். எந்த மரபணுவும் இதைத் தொடாது.

நுண்ணுயிரைக் குறைசொல்ல இதில் இடமில்லை என்பதற்கு வேறு சான்றும் உண்டு. ஈஸ்டையும் பிற நுண்ணுயிர்களையும் நம்பிய பெரிய ஆலைகளும் அதே காலத்தில் தடுமாறின. 2014-இல் திறந்த அபென்கோவாவின் கான்சாஸ் ஆலையும், 2015-இல் திறந்த டூபாண்டின் அயோவா ஆலையும் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. திடப்பொருளைக் கையாளும் முன்பகுதியும், மூலதனச் செலவும், எண்ணெய் விலையும் எல்லோரையும் ஒரே மாதிரி அடித்தன.

தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர் சக்கையின் விலையிலிருந்து தொடங்க வேண்டும். நம் சர்க்கரை ஆலைகளில் சக்கை கழிவு அல்ல. பாதி ஈரமுள்ள ஒரு டன் சக்கை பாய்லரில் ஏறத்தாழ 2 டன் நீராவி தரும். அதிலிருந்து மின்சாரம் போய் விற்பனையாகிறது. கரூர் மாவட்டம் புகளூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1980-களிலிருந்தே சக்கையில் காகிதம் செய்கிறது. எத்தனால் ஆலை இந்த இருவரோடும் போட்டியிட்டுத்தான் சக்கை வாங்க முடியும். 2022-இல் தொடங்கிய பானிபட் ஆலை (நாளுக்கு 100 கிலோலிட்டர்) நெல் வைக்கோலைத் தேர்ந்தெடுத்தது புரிந்துகொள்ளக்கூடியது: அங்கே அது வயலில் எரிக்கப்படும் பொருள்.

கிளைவிட்ட பாதை

2001-இல் இங்ரம் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்வானார். 2012-இல் புளோரிடாவின் பெர்ரி ஊரில் பல்கலைக்கழகத்தின் முன்னோட்ட ஆலை திறக்கப்பட்டது. ஆனால் இந்த ஆய்வகத்தின் உழைப்பு எரிபொருளோடு முடியவில்லை. என்ஏடிஹெச் கணக்கைப் பொருளோடு கட்டிப்போட்டு, 'செய்தால்தான் வளரலாம்' என்று செல்லை நிற்கவைக்கும் உத்தி எத்தனாலுக்கு மட்டுமானது இல்லை. அதே கே.ஓ.11 வழியிலிருந்து லாக்டிக் அமிலம் செய்யும் வகைகள் வந்தன. சக்சினிக் அமில வகைகளும் இந்த ஆய்வகத்தில் பிறந்தன. லாக்டேட் மரபணுவை எடுத்துவிட்டு, சூட்டைத் தாங்கும் ஒரு பேசில்லஸ் இனத்தின் அலனின் மரபணுவை வைத்த எக்ஸ்.இசட்.132 என்ற வகை, 2007 கட்டுரையின்படி, உப்பு ஊடகத்தில் 120 கிராம் குளுக்கோஸிலிருந்து 48 மணி நேரத்தில் ஏறத்தாழ 114 கிராம் எல்-அலனின் தந்தது. எடையில் 95% விளைச்சல்.

எத்தனாலில் ஒரு கிராம் சர்க்கரைக்கு 0.511 கிராமே உச்சம். மீதி கரியமில வாயுவாகக் காற்றில் போகும். அலனினில் சர்க்கரையின் கார்பன் முழுவதும் பொருளிலேயே தங்கும், கூட அம்மோனியாவின் எடையும் சேரும். பொருளைப் படிகமாக எடுக்கலாம், முப்பது லிட்டர் கூழைக் கொதிக்கவைக்க வேண்டியதில்லை. இந்தத் துறையில் இன்று ஆய்வுப் பணி தேடுபவர், சைலோஸ் தின்னும் வகை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் போட வேண்டிய கணக்கு இது: ஒரு கிலோ சர்க்கரை, எத்தனை கிராம் பொருள், அதைத் தண்ணீரிலிருந்து பிரிக்க எத்தனை கிலோ நீராவி.